ஒருமனப்பட்ட சபையும் ஒரு கண்ணாடிக்காரரும்

ஞாயிறு காலை ஆராதனையில் பாட்டு எண் சொல்லப்பட்டதும், சட்டைப் பைகளிலிருந்தும் கைப்பைகளிலிருந்தும் வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் வெளியே வரும். அவற்றில் முக்கால்வாசி நம் கண்ணாடிக்காரர் கடையில் வாங்கியவை. மீதி, அவர் கடையில் விலை கேட்டுவிட்டு வேறு கடையில் வாங்கியவை. அவருக்கு இரண்டு வகையினர் மேலும் வருத்தம் கிடையாது. சகோதரர்களுக்குள் அதெல்லாம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தச் சபையில் கட்சியே இல்லாத ஒரே கட்சி அதுதான்.

மற்ற இரண்டு கட்சிகளும் பாடகர் குழுவால் உண்டானவை. ஆதியிலிருந்தே பாடகர்கள் கோயிலின் பின்பக்க மாடியில் உட்கார்ந்துதான் பாடிவந்தார்கள். குழுத் தலைவர், அதாவது கண்ணாடிக்காரரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன், ஒருநாள் எழுந்து, "எத்தனை வருஷம் ஜனங்க முதுகைப் பார்த்தே பாடுறது? கீழ வந்து முன்னால உட்காரப் போறோம்" என்றார். சபைச் செயலாளர், அதாவது கண்ணாடிக்காரரோடு ஒரே பெஞ்சில் படித்த சிநேகிதர், "ஆண்டவருக்குத்தானே பாடுறீங்க? ஜனங்க மூஞ்சி எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது. அதனால்தான் வினையாகிப்போனது.

அன்றிலிருந்து இடது வரிசை பெஞ்சுகள் பாட்டுக்காரர் பக்கம், வலது வரிசை செயலாளர் பக்கம். நடுவில் பாதை. போதகர் வாராவாரம் ஒற்றுமையைப் பற்றியே பிரசங்கம் செய்தார். இடது பக்கம் அது வலது பக்கத்துக்குச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டியது. வலது பக்கமும் அப்படியே. இவ்வளவு பேர் இவ்வளவு உற்சாகமாகத் தலையாட்டிய பிரசங்கங்களை அந்தப் போதகர் அதற்கு முன் செய்ததில்லை. கண்ணாடிக்காரர் ஒரு வாரம் இடப்பக்கம், மறுவாரம் வலப்பக்கம் என்று மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகப்பட்டன.

அவருக்கு மாடியும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். அவர் கவலை வேறு. முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் மூன்று குடும்பமும் அவர் வீட்டில்தான் சாப்பிடும். மேசையோடு தையல் மெஷினையும் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு போர்வையை விரித்து, இடித்துப் பிடித்து உட்காருவார்கள். மச்சான் இருமினால் செயலாளர் முதுகில் தட்டுவார். இப்போது அழைத்தால், "அவன் வர்றானா?" என்று மச்சான் கேட்கிறார். "அந்தாளு வர்றாரா?" என்று சிநேகிதர் கேட்கிறார். கடைசியில் யாரும் வருவதில்லை. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் மெல்லுவதை ஒருவர் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

"எங்கண்ணன் என் வீட்டுத் தட்டுல கை வச்சு ஒரு வருஷம் ஆகுதுங்க" என்றாள் மனைவி, பாதிச் சாப்பாட்டில்.

"நான் என்ன பண்றது? ரெண்டு பேரும் கடைக்கு வர்றாங்க. வந்து பேசுறதை வெளிய சொன்னா கொலை விழும்."

"என்ன பேசுறாங்க?"

"என் சிநேகிதன் சொல்றான், உங்கண்ணன் பாடுறது எண்ணெய் போடாத கதவைத் திறக்கிற மாதிரி இருக்காம். அவர் சொல்றாரு, இவன் பாட்டு வரும்போது வாயை மட்டும் அசைக்கிறானாம், சத்தமே வர்றதில்லையாம்."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு யோசித்தாள். "அதை ஏன் சொல்றீங்க? நல்லதா ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்களேன். சமாதானத்துக்காகச் சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"அது பொய்யில்லையா?"

"இன்னும் சொல்லாத உண்மைன்னு வச்சுக்கோங்க."

சபைக்கு இப்படிப்பட்ட ஒரு வேதபண்டிதை கிடைத்தும் சமையலறையிலேயே விட்டுவைத்திருந்தார்கள்.

அந்த வாரமே செயலாளர் தளர்ந்துபோன கண்ணாடிக் காலோடு கடைக்கு வந்தார். கண்ணாடிக்காரர் திருகாணியை முடுக்கியபடியே, தலை நிமிராமல், "மச்சான் என்ன சொன்னார் தெரியுமாடா? நீ இல்லைன்னா இந்தச் சபை கூரையில்லாத வீடுன்னாரு" என்றார்.

"யாரு, அவனா?"

"அவரேதான்."

"எங்க, திரும்பச் சொல்லு."

மறுநாள் மச்சான் வந்தார். "உங்க பாட்டைக் கேட்டு அவன் தொடைச்சுக்கிட்டான் மச்சான். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"எதை? கண்ணாடியையா?"

"கண்ணையும்தான்."

"மாப்பிள்ளை, எந்தப் பாட்டுக்கு?" என்று மச்சான் கேட்டார். கண்ணாடிக்காரர் வாயில் வந்த ஒரு பாட்டைச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டை மச்சான் மாடியிலிருந்து செயலாளரின் பின்மண்டையைப் பார்த்தே பாடினார். செயலாளர், கூரை என்று பெயரெடுத்தவருக்குரிய பெருந்தன்மையோடு, எழுந்து நின்றார். ஆராதனை முடிந்ததும் இருவரும் நடுப்பாதையில் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இடது வரிசை அழுதது. வலது வரிசையும் சளைக்கவில்லை. பாடகர் குழு ஒரு மாதம் மாடி, ஒரு மாதம் கீழே என்று அங்கேயே தீர்மானமாயிற்று. கண்ணாடிக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார். அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று கையோடு அழைத்தும் வைத்தார்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சமாதானமானவர்கள் பேசிக்கொள்வார்களே. வாரத்தின் நடுவில் கமிட்டிக் கூட்டத்தில் தேநீர் குடிக்கும்போது செயலாளர் அடக்கத்தோடு ஆரம்பித்தார். "நான்தான் கூரைன்னு சொன்னீங்களாமே, பெரிய வார்த்தை."

"நானா? நீங்கதான் அழுதீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நான் எதுக்கு அழணும்?"

தேநீர் ஆறியது. இருவருக்கும் எல்லாம் விளங்கிற்று. ஊர் பார்க்கக் கட்டிப்பிடித்தாயிற்று. அதைத் திரும்ப வாங்க வழியில்லை. கோபத்தை எங்காவது இறக்கிவைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு வருஷம் கழித்து அவர்கள் முதன்முதலாக ஒரே கருத்துக்கு வந்தார்கள். இப்போது பொய் சொன்னவன் முன்பு மட்டும் சும்மா இருந்திருப்பானா? கடையில் உட்கார்ந்து இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் சொல்லிச் சண்டையை மூட்டியதே அவன்தான். மாடியாவது தரையாவது! இந்த விளக்கம் இருவருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபை கலையாமல் உட்கார்ந்தது. போதகர் மிகவும் அன்பாகக் கேட்டார். "சகோதரர்கள் சொல்லாததைச் சொன்னதாச் சொன்னீங்களா?"

"சொன்னேன் பாஸ்டர். ஆனா சண்டைக்காகச் சொல்லலை. என் வீட்டுக்காரிக்கும் தெரியும்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பெஞ்சில் அவள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தங்கையின் கைப்பையை மடியில் வைத்திருந்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு கைப்பையைப் பார்த்தாள்.

"கடையில அவர் என்ன பேசுறாருன்னு வீட்டுல இருக்கிற நான் என்னத்தைக் கண்டேன் பாஸ்டர்?"

கண்ணாடிக்காரரின் நாக்கு நுனியில் இரண்டு உண்மைகள் இருந்தன. கதவுச் சத்தம் ஒன்று, வாயசைப்பு ஒன்று. இரண்டையும் அவிழ்த்துவிட்டால் போதும், அவர் யோக்கியர், சபை இரண்டு. சிநேகிதரைப் பார்த்தார். சிநேகிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றார்.

சபை ஒரே குரலில் மன்னித்தது. எதிர்ப்புச் சொல்ல ஒருவர்கூட எழும்பாத முதல் தீர்மானம் அது. இடது வரிசைக்காரர்கள் வலது வரிசைக்காரர்களின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருடைய கை நடுவில் சும்மா தொங்கியது.

அழைப்பு அழைப்புதான் என்று இருவரும் குடும்பத்தோடு சாப்பிட வந்துவிட்டார்கள். தையல் மெஷின் மேசையோடு சேர்ந்தது. சமையலறையில் கண்ணாடிக்காரர் மனைவியிடம், "நீதானேடி சொல்லச் சொன்னே?" என்றார்.

"அண்ணன் வந்திருக்காருங்க. மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள். கறிப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள். பார்வையை மட்டும் கொடுக்கவில்லை.

அவர் கொண்டுபோய் வைத்தார். இருந்த நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டதால் அவர் நின்றுகொண்டே பரிமாறுவது என்று முடிவாயிற்று. மச்சான் இருமினார். செயலாளர் முதுகில் தட்டினார். ஒரு வருஷமாகக் கண்ணாடிக்காரர் கேட்க ஏங்கிய சத்தம் அது.

"நான் ஜெபிக்கட்டுமா?" என்று செயலாளர் எழுந்தார். ஆகாரத்துக்காகவும், மீண்டும் ஒன்றாகக் கூட்டிச் சேர்த்ததற்காகவும் நன்றி சொன்னார். "கடைசியா இந்த வீட்டுக்காரரோட நாவைப் பரிசுத்தமாக்கும், ஆண்டவரே" என்று உருக்கமாக முடித்தார்.

"ஆமென்!" என்றார் மச்சான், பாட்டுக் குரலில். பிள்ளைகள் சொன்னார்கள். மனைவியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாகவே.

கண்ணாடிக்காரரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஓர் ஆமென் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. கைகள் ஏற்கெனவே தட்டுக்குப் போய்விட்டிருந்தன.