கேரியரில் உட்கார்ந்த தலைமையாசிரியர்

எண்பதுகளின் நடுவில் மாரண்டஹள்ளியில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தேன். நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருந்த சிற்றூரில். காலையில் முதல் பஸ் மேலே வந்து சேரவே பதினொரு மணியாகும். அதனால் வேலைக்குச் சேர்ந்த மாதமே ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கிக்கொண்டேன். போகும்போது வளைவுகளில் தள்ளுவேன், மற்ற இடங்களில் மிதிப்பேன். வழியில் எதிரே ஒரு வண்டி வந்தால் அது அதிசயம். சங்கிலியின் சத்தத்தையும் என் மூச்சையும் தவிர ஒன்றும் கேட்காது. முதல் வருடம் முழுக்க அந்த அமைதிக்காகவே நான் சீக்கிரம் கிளம்பினேன்.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் அந்த அமைதி கெட்டது. மேலதிகாரி என்னைத் தருமபுரிக்கு வரச்சொல்லி ஒரு மொட்டைக் கடிதத்தைக் காட்டினார். "டீச்சர் காட்டு வழியில் தனியாக சைக்கிளில் வருகிறார். மூன்றாவது வளைவில் புளியமரத்தடியில் இறங்கி நின்று யாருக்கோ காத்திருக்கிறார். குடும்பப் பெண்கள் செய்கிற காரியமா இது?" என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து இல்லை. அந்த மரத்தடியில் நான் இறங்குவது தண்ணீர் குடிக்கத்தான். அதிகாரியிடம் அதைச் சொன்னேன். "பாத்து நடந்துக்கங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது, "வேலையே வேண்டாம், வூட்டுக்கு வந்துரு" என்றார். அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் வேலையை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சாலையில் பயமில்லாமல் ஒரு நாளும் போகவில்லை. யாரோ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கேழ்வரகுக் காட்டில் நிமிர்ந்து பார்க்கிறவர், ஆடு மேய்க்கிறவர், பாறைமேல் உட்கார்ந்து பீடி பிடிக்கிறவர், யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதியவராக இருக்கலாம். புளியமரத்தடியில் நிற்பதை விட்டுவிட்டேன். தாகத்தோடு தாண்டிப் போவேன். புதரில் ஏதாவது அசைந்தால் திரும்பிப் பார்க்காமல் மிதிப்பேன்.

எங்கள் தலைமையாசிரியருக்கு ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி. வாரம் முழுக்கப் பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை பஸ்ஸில் கம்பைநல்லூருக்குத் தன் வீட்டுக்குப் போவார். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் அப்படித்தான்.

அது ஒரு சந்தை நாள். ஊர் ஆண்கள் விடியும் முன்பே கீழே இறங்கிவிட்டார்கள். ஊரிலிருந்த இரண்டு சைக்கிள்களும் சந்தைக்குப் போயிருந்தன. பதினொரு மணி பஸ்ஸும் திரும்பிப் போய்விட்டது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், பள்ளிக்குப் பின்பக்கமிருந்து தலைமையாசிரியர் கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவதற்காக அடுக்கி வைத்திருந்த ஓடுகளில் ஒன்றை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். இடது கை விரலில் இரண்டு புள்ளியாக ரத்தம். சத்துணவு சமைக்கிற அம்மா ஓடுகளுக்கு இடையில் நுழைந்த பாம்பைப் பார்த்துவிட்டாள்.

"நல்ல பாம்பு டீச்சரம்மா. படம் எடுத்துச்சு, நான் பாத்தேன்."

என் கைக்குட்டையால் அவர் மணிக்கட்டுக்கு மேல் கட்டினேன். சமையல்காரம்மா காட்டுக்குள் மந்திரிக்கிறவர் ஒருவர் இருப்பதாகச் சொன்னாள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் டீச்சர்."

"எதுலங்க சார் போறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் சைக்கிளைப் பார்த்தோம்.

"ஊரு என்னங்க பேசும்?" என்றார். அதற்குள் சமையல்காரம்மா உள்ளே போய்த் தன் மாற்றுச் சேலையை எடுத்து வந்துவிட்டாள். அவரைக் கேரியரில் இருபக்கமும் கால் போட்டு உட்காரவைத்து, அவர் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி, என் வயிற்றுக்கு முன்னால் முடிச்சுப் போட்டாள். "பேக ஹோகி, சீக்கிரம் போங்க!" என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்தியபடி ஊர் எல்லை வரை பின்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தாள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் சமவெளி போலத்தான் இருக்கும். அதிலேயே என் தொடை நடுங்கியது. அவர் எடை சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கியது. ஹேண்டில் பாரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது தன் இஷ்டத்துக்கு ஆடியது. ஒரு ஹாரன் சத்தம் கேட்காதா என்று ஜெபித்தேன். ஒரு லாரி, ஒரு பைக், ஒரு மாட்டுவண்டி. ஒன்றுமில்லை. நான் விரும்பி வந்த அதே அமைதிதான். அன்று அது காதை அடைத்தது.

"சார், தூங்காதீங்க. பேசிட்டே வாங்க."

"என்னத்தப் பேசறதுங்க?"

"எதையாச்சும். வாய்ப்பாடு சொல்லுங்க. பதினாறாம் வாய்ப்பாடு."

சொல்ல ஆரம்பித்தார். இறக்கம் தொடங்கியது. வழக்கமாக வளைவுகளில் இறங்கித் தள்ளுவேன். இப்போது இறங்க முடியாது, இரண்டு பேரும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தோம். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பிரேக் கட்டை தேய்கிற வாசனை வந்தது. தார் பெயர்ந்த இடங்களில் ஜல்லி தெறித்தது. இடதுபக்கம் பள்ளம், கீழே மரங்களின் உச்சி. வளைவுக்கு வளைவு அவர் தலை என் முதுகில் அழுத்தமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது. எண்கள் ஒன்றோடொன்று கலந்தன. பிறகு நின்றுவிட்டன.

"சார்!"

"டீச்சர்... கண்ணு தெறக்க முடியல. ஒண்ணு சொல்லணும்ங்க."

"சொல்லுங்க."

"அந்த மொட்டைக் கடுதாசி... நான்தாங்க எழுதுனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே மெல்லச் சொன்னார். சனிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என்னை அந்த மரத்தடியில் பார்த்தாராம். ஒரு திங்கட்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கிய அவரிடம், பள்ளிக்கு வந்திருந்த அதிகாரி, "ஒரு பொம்பளை சைக்கிள் மிதிச்சு டைமுக்கு வர்றாங்க பாருங்க" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னாராம். பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

அந்த வார்த்தைகள் என் முதுகில் சூடாக விழுந்தன. எத்தனை மாதம்! எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன், எத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் தாண்டிப் போனேன். முடிச்சு என் வயிற்றுக்கு முன்னால்தான் இருந்தது. ஒரு கையால் இழுத்தால் அவிழ்ந்துவிடும். அப்படி நினைத்தேன். இன்றுவரை நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. கை ஹேண்டிலை விட்டு எடுபடவில்லை, ஆனால் நினைத்தது உண்மை.

அடுத்த வளைவில் முன்பிரேக் கட்டை தெறித்துப்போனது. சைக்கிள் ஒரு குதி குதித்து வேகமெடுத்தது. கண்ணில் காற்று அடித்தது, பள்ளம் எங்களை நோக்கி வந்தது. "மாதாவே" என்று கத்திக்கொண்டு வலதுபக்கம் மலை ஓரத்துச் சாக்கடைக்குள் ஹேண்டிலைத் திருப்பினேன். இரண்டு பேரும் ஒரே மூட்டையாக மண்மேட்டில் மோதி விழுந்தோம்.

என் முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. முடிச்சை அவிழ்த்து அவரைப் புரட்டினேன். இமைகள் பாதி மூடியிருந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது. மூச்சு இருந்தது. தூக்கிப் பார்த்தேன், அசைக்கக்கூட முடியவில்லை. "யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினேன். என் குரல்தான் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"எந்திரிங்க சார்! மொட்டைக் கடுதாசி எழுதத் தெரிஞ்சுதில்ல? எந்திரிச்சு நில்லுங்க! உங்களை இங்க சாகவுட்டா அதுக்கும் என்னைத்தான் பேசுவாங்க. எந்திரிங்க!"

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. கேரியரில் சாய்த்து உட்காரவைத்து, ஒரு கையால் அவர் கழுத்தை என் தோளோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளைப் பிடித்து நடந்தே இறக்கினேன். மீதி இருந்தது இரண்டு வளைவுகள்தான். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நான் நிறுத்தினால் அவர் மூச்சும் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. அடிவாரத்து டீக்கடையில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த வேன்காரர் எங்களைப் பார்த்ததும் பாதிக் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

தருமபுரியில் ஊசி போட்டு அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் வெளியே விளையாடப் போனதும் மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்கு வழியில நான் ஏதாச்சும் பேசுனனுங்களா டீச்சர்?"

"பேசுனீங்க சார். கடுதாசி எழுதுனதைச் சொன்னீங்க."

மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடிவைத்தார். பிறகு, "யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்க சார்."

தலையை ஆட்டிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று அந்தக் கல்வியாண்டின் கடைசிவரை எதிர்பார்த்தேன். ஜூன் மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு சமவெளிக்குப் போய்விட்டார்.

அவர் சாமான்களை எடுத்துப்போக மனைவிதான் வந்தார். பஸ் கிளம்பும் முன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரரை உசுரோட குடுத்தீங்க. அந்த வளைவுங்கள்ல வரையில பயமா இல்லீங்களா டீச்சர்?"

"இருந்துச்சுங்க" என்றேன்.

கடிதத்தையும் அந்த முடிச்சையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார். டிரங்குப் பெட்டியை நானும் சமையல்காரம்மாவும் தூக்கிக் கொடுத்தோம். சாயங்காலம் வழக்கம்போல சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வளைவுகளில் இறங்கி நடந்தேன்.