பேர் எழுதாத ஆடுகள்

குன்றாண்டார்கோவில் தாண்டி ஒரு பாறைக்குன்றில்தான் ஆடு மேய்க்கும் அந்த அம்மாவைப் பார்த்தேன். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தோளில் குழை பறிக்கும் துரட்டி. யாரிடம் பேசினாலும் முகம் திரும்பாது; கண் ஆடுகள் மேலேயே இருக்கும். நாம் கால் வைக்கப் பயப்படும் செங்குத்தில், இடுக்கில் முளைத்த செடிக்காக அவருடைய வெள்ளாடுகள் சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தன.

குன்றின் காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்தார். "ஆத்தா, இது பழங்காலத்துப் பாறை. ஆடு ஏறுனா பாழாப் போயிரும். அங்கிட்டு ஓட்டுங்க!"

"அங்கிட்டுப் பூராம் வேலி போட்டுட்டாங்க. இங்கயும் விடலைன்னா எங்கிட்டு மேயும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எறக்குங்க."

அப்போதுதான் அந்த அம்மா முதல் முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். துரட்டியை நீட்டிப் பாறையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். கல்லில் ஆழமாகக் கீறிய பெயர்கள், நடுநடுவே அம்பு பாய்ந்த இதயங்கள்.

"இதுல எது என் ஆட்டுப் பேருன்னு காட்டுங்க. இப்பவே எறக்குறேன்."

பதிலுக்கு அந்த அம்மா காத்திருக்கவில்லை. கண் மறுபடி ஆடுகளிடம் போய்விட்டது. காவலாளி விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த அம்மாவின் பெயரைக் கேட்க நினைத்தேன். அந்தப் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பெயரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.