ஜெனியோடு ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை

பொங்கல் கழிந்த ஞாயிறன்று என் தங்கை குடும்பத்தை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போய் வந்தேன். ஆறு வந்து கடலில் சேரும் இடம். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்து அதைப் பார்க்காதவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகவும், ஜெனி மாதிரிப் பிள்ளை வீட்டில் உள்ளவர்களுக்காகவும் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். படிப்புதான் எட்டாவதே தவிர, ஹார்பரில் நான் லீவு போட்டால் கப்பலே கரைக்கு வர யோசிக்கும்.

ஜெனி என் தங்கை ஸ்டெல்லாவின் மகள். ஒன்பது வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் ராணி மாதிரி இருப்பாள், தெரியாவிட்டால் தாங்க மாட்டாள். இரண்டு வருஷம் முன்பு பொருட்காட்சிக்குப் போனபோது கூட்டத்தின் நடுவே தரையில் படுத்துவிட்டாள். அவள் அப்பா மரியதாஸ் அலற அலறத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பிள்ளை பிடிக்கிறவன் என்று நாலு பேர் அவரை மடக்கிவிட்டார்கள். அதோடு சரி. கல்யாணமோ மாதா கோயில் திருவிழாவோ, ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். நான் எண்ணூருக்குக் கூப்பிட்டபோது ஸ்டெல்லா யோசித்துவிட்டு, "இது ஒரு வாட்டி தாண்ணா. சரிப்படலன்னா இனிமே எங்களக் கூப்புடாத" என்றாள்.

ஜெனியின் பள்ளி டீச்சர் ஒரு வழி சொல்லியிருந்தார். போகிற இடங்களைப் போட்டோ எடுத்து, அட்டையில் ஒட்டி, வரிசையாகக் காட்டிக்கொண்டே வர வேண்டும். ஒன்று முடிந்தால் அந்த அட்டை பைக்குள் போய்விடும், அடுத்தது கைக்கு வரும். போட்டோவெல்லாம் நான் எடுத்ததுதான். ஸ்டூடியோக்காரர் என் கை சுத்தத்தைப் பார்த்து வேலைக்கே கூப்பிட்டார், நான்தான் போகவில்லை. ஜெனியைப் பழக்குவதற்காக முதல் ஞாயிறு ஸ்டேஷன் வரை நடந்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த ஞாயிறு வண்ணாரப்பேட்டை வரை ஒரே ஒரு ஸ்டேஷன். அதற்கடுத்து கொருக்குப்பேட்டை. அங்கே சிக்னல் கிடைக்காமல் ரயில் சும்மா நிற்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். ஜெனிக்கு அது ஆகவில்லை, காதைப் பொத்திக்கொண்டாள். நான் உடனே சிவப்பு சிக்னலை ஒரு போட்டோ எடுத்து "நிக்கும், அப்புறம் போவும்" என்று ஓர் அட்டை சேர்த்தேன். அதைப் பார்த்து டீச்சரே அசந்துபோனார்.

புறப்பட்ட அன்று காலைப் பூசை முடித்து 9.20 வண்டியைப் பிடித்தோம். பெரியவர்களுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், ஜெனிக்கு அரை டிக்கெட். ஞாயிறு என்பதால் உட்கார இடம் இருந்தது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று அட்டைகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. விம்கோ நகர் தாண்டியதும் கெமிக்கல் கம்பெனி வாசனை மூக்கைத் துளைக்கும். அதற்கென்று பவுடர் போட்ட கைக்குட்டை வைத்திருந்தோம். சுமார் நாற்பது நிமிஷத்தில் எண்ணூர். ஸ்டெல்லா கடல் அட்டையை எடுத்து நீட்டினாள்.

ஜெனி அதை வாங்கவில்லை. பிளாட்பாரத்திலேயே நின்றாள். "மாமாக்கு சல்யூட்" என்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் அட்டைகளைக் காட்டிச் சொல்வது என் பொறுப்பு. வெறுமனே ஸ்டேஷன், கடல் என்று சொன்னால் பிள்ளைக்கு என்ன ருசி இருக்கும்? எண்ணூரில் இறங்கியதும் மாமாவுக்கு ரயில் டிரைவர் சல்யூட் வைப்பார், அதற்கப்புறம்தான் கடல் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

நாங்கள் வந்த வண்டி அதற்குள் நகர்ந்துவிட்டது. கடைசிப் பெட்டியில் கார்டு கொடி காட்டிக்கொண்டு போனார். நான் கையைக் காட்டிக் கத்தியதில் அவரும் என்னவோ ஏதோ என்று கையை உயர்த்தினார். "இவரு கொடி. ஓட்றவரு இல்ல" என்று சொல்லிவிட்டு ஜெனி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மரியதாஸ் என்னைப் பார்த்தார். "மச்சான், மந்திரி வந்தாக்கூட டிரைவர் சல்யூட் வெக்க மாட்டாரு. உனக்கு வெப்பாரா?" ஸ்டெல்லா வேறு மாதிரி. "உன்ன படத்தக் காட்டச் சொன்னனா, கத வுடச் சொன்னனா?" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. ஜெனி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள். மரியதாஸ் குனிந்து தூக்கப் போனார்.

"வேணாங்க. தூக்காதீங்க" என்றாள் ஸ்டெல்லா. மகள் பக்கத்தில் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள். சிவப்பு சிக்னல் அட்டையைத் தேடி எடுத்து ஜெனி முன்னால் வைத்தாள். "நிக்கும். அப்புறம் போவும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றது. முகத்துவாரத்தில் சாப்பிடக் கொண்டுவந்த டிபன் டப்பாவை அங்கேயே திறந்தார்கள்.

நான் பிளாட்பாரத்தின் முன்கோடிக்குப் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு, ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். அடுத்த வண்டி வரும்போது மூவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். வண்டி நின்றதும் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய், "சார், ஒரு சல்யூட் வெக்கணும்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"யோவ், நீ யாருய்யா?"

அவ்வளவு நேரம் யோசித்து வைத்த பெரிய பேச்செல்லாம் மறந்துபோனது. "இந்தப் பொண்ணோட மாமன் சார். நீங்க எனக்கு சல்யூட் வெப்பீங்கன்னு சொல்லிட்டேன். அதப் பாக்காம கொயந்த நவுர மாட்டுது" என்றேன்.

அவர் ஜெனியைப் பார்த்தார். ஜெனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் சீட்டிலிருந்து எழுந்து, விறைப்பாக நின்று, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்தார். மிலிட்டரியில்கூட அப்படி வைக்க மாட்டார்கள். பன்னிரண்டு பெட்டி ஜனமும் தலையை நீட்டி என்னைத்தான் பார்த்தது. நானும் பதிலுக்கு வைத்தேன்.

"அப்புறம் கடல்" என்று ஜெனி கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டாள்.

ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரம் மூன்று கிலோமீட்டர் இருக்கும், ஷேர் ஆட்டோ ஆளுக்கு ஐந்து ரூபாய். ஜெனி அட்டையைக் கடலுக்கு நேராகப் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்து, "சரியா கீது" என்றாள். ஸ்டெல்லா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். மரியதாஸ் மணலில் தூங்கியே போய்விட்டார்.

போகிறவர்கள் காலை வண்டியில் போங்கள், வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. குடிதண்ணீர் கொண்டுபோங்கள். அட்டைக்குச் சொந்தமாகப் போட்டோ எடுங்கள், காலண்டர் படம் உதவாது. காத்திருப்பதற்கும் ஓர் அட்டை கட்டாயம் வேண்டும். பிள்ளையிடம் ஒன்று நடக்கும் என்று சொன்னால் நடத்திக் காட்டுகிற திராணி வேண்டும். என்னிடம் இருந்தது, எல்லோரிடமும் இருக்காது.

திரும்பும் ரயிலில் ஸ்டெல்லா, "அடுத்த மாசம் பொன்னேரி போலாமாண்ணா?" என்று கேட்டாள். ஜெனி உடனே என் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். பொன்னேரியைப் பற்றி எனக்கு வாய் வரை நாலைந்து விஷயம் வந்தது.

"மாமா இன்னும் போய்ப் பாக்கல" என்றேன்.