வேலி வரைந்த லிஃப்ட் மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயது ஐம்பத்திரண்டு. முப்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் இருமினால், கீழே நின்றபடியே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டில் மனைவி உம்மென்று இருந்தால் மட்டும் என்ன கோளாறு என்று பிடிபடாது.

கட்டடத்துக்குப் புது நிர்வாகம் வந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். ஊழியர்களுக்கு மூன்று மாதம் மாலை வகுப்பு, முடிவில் பேச்சுத் தேர்வு. தேறாவிட்டால் மோட்டார் அறையை விட்டுவிட்டுச் சாமான் கிடங்கில் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் அரித்தது.

வகுப்பில் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை தலையாட்டுவது. புரிந்ததா என்று வாத்தியாரம்மா கேட்டால் முதலில் ஆடுவது அவர் தலைதான். அந்த ஆட்டத்தில் கிளம்பிய காற்றில் பக்கத்து பெஞ்சுக்காரருக்கு ஜலதோஷமே பிடித்தது.

தேர்வன்று அவருக்கு ஜோடியாக வந்தவள் சீருடை தைக்கும் தையல்காரம்மா. ஜோடிக்குச் சேர்த்து ஒரே மதிப்பெண்; தேறினால் இருவரும், கவிழ்ந்தால் இருவரும். முறை வரும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"அண்ணே, காலை ஆட்டாதீங்க. பெஞ்சு நடந்தே வீட்டுக்குப் போயிடும்."

"எனக்கு என்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"புரியலேன்னா கேட்டுடுங்க. உங்களோட சேத்து என்னையும் கவுத்துடாதீங்க."

"இந்த வயசுல போய் புரியலேன்னு சொல்லச் சொல்றியா?"

"பின்ன, கிடங்குல ஆணி பொறுக்கப் போறீங்களா?"

உள்ளே நாற்காலிகள் முதுகுக்கு முதுகாகக் கிடந்தன. அவள் கையில் படம். அவள் சொல்லச் சொல்ல அவர் வரைய வேண்டும், பத்து நிமிடத்துக்குள். தமிழ் வாயில் வந்தால் மதிப்பெண் போச்சு.

வீடு, இரண்டு ஜன்னல் வரை வண்டி ஓடியது. அடுத்து "ஃபென்ஸ்" என்றாள். அவர் பலமாகத் தலையாட்டினார். முதுகுக்குப் பின்னால் ஆடும் தலையை யார் பார்ப்பது? அவள் பேசிக்கொண்டே போனாள். அவருடைய பென்சில் பதறிப்போய், வீட்டுக்குப் பக்கத்தில் கம்பிக்கயிறு, கதவு, பொத்தான் சகிதம் ஒரு லிஃப்டைக் கட்டிவிட்டது.

அவள் சொல்லி நிறுத்திய பிறகும் பென்சில் கீறிக்கொண்டே இருப்பது அவள் காதில் விழுந்தது.

"ஸ்டாப். யூ ஆஸ்க்."

கடிகார முள் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் காது மடல் கொதித்தது.

"ஃபென்ஸ்... வாட்?"

"ஹவுஸ் அவுட்சைட். டாக் நோ கம்."

"வால்?"

"நோ வால். ஹோல், ஹோல், ஹோல். யூ சீ டாக், டாக் சீ யூ. டாக் நோ கம்."

வேலி. அவர் மூச்சு இறங்கியது. லிஃப்டை அழித்துவிட்டு வேலி போட்டார். பிறகு ஒவ்வொன்றுக்கும் கேட்டார்: எங்கே, எத்தனை, பெரியதா, சின்னதா? அவள் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்டார். மரத்துக்குக் கிளை முளைக்குமுன் மணி அடித்துவிட்டது.

வாத்தியாரம்மா படத்தைப் பார்த்தாள், தன் குறிப்பைப் பார்த்தாள், ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். தையல்காரம்மாவுக்கும் விளங்கவில்லை. தலை ஆடிவிடாதபடி மெக்கானிக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார்.

"அகெய்ன். ஸ்லோ."

இரண்டாவது தடவை பாதி புரிந்தது. மூன்றாவது தடவை முழுதும் புரிந்தது: படம் அரைகுறை, பேச்சில் இருவரும் தேர்ச்சி.

நான்காவது தடவை கேட்டது வெறும் ஆசைக்கு.