பதில் வரும்வரை இறங்காத கை

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சாவைச் சொல்லும் மௌத்து அறிவித்தல் வந்தபோது நான் வாடியில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பேரையும் வாப்பாவின் பேரையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருவருக்கும் ஆள் பிடிபடவில்லை. கடைசியில் அறிவித்தவர் தொண்டையைச் செருமிவிட்டு, "நம்மட கோப்ரல் நானா" என்றார். கையில் இருந்த மீனை அப்படியே வைத்துவிட்டேன். இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

அடக்கம் முடிந்த கையோடு தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசன்தான். ஆனா பட்டாளத்துக்காரனக் கண்டா குனியிற ஆள். நம்மட துறையிலயே ஒரு சின்னப் பொடியனுக்குச் சலூட் அடிச்சவர்தானே."

இந்தப் பேரை அவருக்கு வைக்க நான் விடமாட்டேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காலையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்தான். கதையில் பிழை இல்லை.

கோப்ரல் நானா பட்டாளத்திலிருந்து கோப்ரலாக இளைப்பாறி வந்து, கற்பிட்டி வீதியோரம் வெங்காயப் பயிர் செய்துகொண்டிருந்தார். நான் துறைக்குப் போகும்போது சைக்கிளில் இருந்தபடியே அவருக்கு ஒரு சலூட் அடிப்பேன். அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு நேராக நிற்பார். கை மட்டும் எழும்பாது.

"தொப்பி எங்கடா?"

"சைக்கிள் ஓடுறதுக்குத் தொப்பி எதுக்கு நானா?"

"தொப்பி இல்லாத தலைக்குச் சலூட் இல்ல. நேரா நிண்டாப் போதும். அதுலயும் இடக் கையால அடிக்கிறாய். நீ சலூட் அடிக்கிற இல்ல, ஈ ஓட்டுற."

ஒருநாள் கொஞ்சம் கிண்டிவிட்டேன். "பெரியாளுக்குக் கும்பிடு போடுறதுக்கு இவ்வளவு சட்டமா?" என்றேன். அவருக்கு வந்ததே கோபம். "கும்பிடு இல்லடா. இது ஸலாம் மாதிரி. சொல்றது சுன்னத்து, சொன்னா நன்மை; பதில் சொல்றது கடமை. கீழ உள்ளவன் முதல்ல கையத் தூக்குவான். மேல உள்ளவன் திருப்பித் தரணும். தரும்வரைக்கும் இறக்கக் கூடாதெண்டுதான் எனக்குப் படிப்பிச்சுத் தந்தது."

"அவர் மறந்துட்டா?"

"நிப்பேன்."

பிறகு துறையடிச் சோதனைச்சாவடிக்குப் புதிதாக ஓர் இளம் பட்டாள அதிகாரி வந்தார். கடலுக்குப் போகிறவர்கள் பாஸ் காட்டும்போது தலையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார். தலையில் கட்டிய துவாயும் கழற்ற வேண்டும், தொழுகைத் தொப்பியும் கழற்ற வேண்டும். அதுதான் மரியாதையாம். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வருகிற வயதாளிகள் தொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்கள். நான் இதையும் பகிடியாகத்தான் கோப்ரல் நானாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை வந்துவிட்டார். மடிப்பு உடையாத காற்சட்டை, மினுங்குகிற சப்பாத்து, தலையில் பழைய பட்டாளத் தொப்பி. அதிகாரி தலையில் ஒன்றும் இல்லாமல் கதிரையில் சாய்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்ரல் நானா முன்னால் போய்க் குதியை அடித்துச் சலூட் வைத்தார்.

"சரி சரி அங்கிள், போங்க" என்றார் அதிகாரி.

கை இறங்கவில்லை. அதிகாரி இன்னொரு மிடறு குடித்தார். அப்போதும் இறங்கவில்லை. பாஸோடு பக்கத்தில் நின்ற நான் மெதுவாகக் கேட்டேன்: "நானா, கை பிடிச்சிக்கிட்டா? எண்ணெய் கொண்டரவா?"

"வாய மூடு. பரேட்ல நிக்கிறேன்."

வயதான கை. ஆனால் கீழே வரவில்லை. பின்னால் நின்ற அனுபவப்பட்ட சிப்பாய் ஒருவர் குனிந்து அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார். சட்டைப் பொத்தானைப் பூட்டி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். நேராக நின்று, முறையாகச் சலூட்டைத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகுதான் நானாவின் கை இறங்கியது.

"சேர்," என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார், "மரியாதைக்குத் தொப்பியப் போடத்தான் எனக்குப் படிப்பிச்சுத் தந்தது. சேரும் இப்ப போட்டுக்கிட்டுத்தான் வந்தீங்க. இவங்க படைச்சவனுக்கு முன்னாலயே தொப்பியோட நிக்கிறவங்க."

அதிகாரி என் பாஸைப் பார்த்துத் திருப்பித் தந்தார். பிறகு, "எத்தனை வருசம் சேவை அங்கிள்?" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து எவரும் தொப்பியைக் கழற்றவில்லை.

தோணிகளில் காத்திருந்தவர்கள் கண்டதெல்லாம் ஒரு முதுகையும் தூக்கிய கையையும்தான். அதிலிருந்து வந்த பேர்தான் இந்தக் "குனியிற ஆள்". நடந்ததைச் சொல்லிவிடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லாத. பொடியன் பதில் தந்துட்டான். பிறகு எதுக்கு அவன்ட மானத்த வாங்கணும்?" என்றார். அவர் இருக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அந்த அதிகாரியும் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். இனி என்னை எவர் தண்டிக்கப் போகிறார்?

பட்டாளத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, கொடியில்லை, ஊதுகுழல் இல்லை என்று அதற்கும் ஒரு கதை கட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றியை நிலத்தில் வைப்பதும் இல்லை. முழுக்க நின்றே தொழுகிறோம். அவரைக் குனிந்த மனிதர் என்றவர்களும் தொப்பியோடு அந்த வரிசையில் நேராகத்தான் நின்றார்கள். அந்தப் பரேட் அவருக்குப் போதும்.

எனக்கென்று அவரிடமிருந்து ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது அலுவலுக்கு அரசாங்கக் கந்தோருக்குப் போனால் முதலில் ஸலாமோ, ஆயுபோவனோ, வணக்கமோ, அங்கே இருப்பவருக்குத் தக்கதைச் சொல்லுவேன். அவர் தலையைத் தூக்காமல் "என்ன வேணும்?" என்றால் வாயைத் திறக்க மாட்டேன். பின்னால் உள்ளவர்கள் ஏசுவார்கள். ஏசட்டும்.

பதில் வரும்வரை நிற்பேன்.