இல்லாத டிஸ்க்கும் நாலாவது ஸ்குரூவும்

டிஸ்க்கைக் காணவில்லை என்று திரை சொன்னதும் நான் முதலில் சந்தேகப்பட்டது கலைச்செல்வியைத்தான். இருபது வருடமாக மன்னாரில் கம்பியூட்டர் திருத்துகிறேன். பழுதானால் யாரோ கை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் முதல் எண்ணமாக இருக்கும்.

தாழ்வுபாட்டுப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கம். அங்கத்தவர் விபரம், படகுப் பதிவு எல்லாம் ஒரே கம்பியூட்டரில். அதற்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். கலைச்செல்வி அங்கே எழுதுவினைஞர். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து தாயோடு ஊர் திரும்பியவள். பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சு. அவளை நம்பாமல் இருக்கச் சிலருக்கு அதுவே போதும்.

ஒருநாள் காலை சங்கச் செயலாளர் சூசைப்பிள்ளை எனக்குப் போன் எடுத்தார்.

"உடன வாங்கோ. பிள்ளை என்னவோ செய்துபோட்டுது."

போய்ப் பார்த்தால் கறுப்புத் திரை, டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெட்டியின் பக்க மூடியில் நாலு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. திறந்தேன். உள்ளே டிஸ்க் இருந்தது.

"ஆரோ திறந்திருக்கினம். டிஸ்க்கை மாத்தியிருக்கவும் கூடும்," என்றேன். என் அவசர வாய்.

"கந்தோர்த் திறப்பு இவவிட்டத்தான் இருக்கு," என்றார் சூசைப்பிள்ளை, அவள் மேசையில் கிடந்த அலுவலகச் சாவியைக் காட்டி. "பின்னேரம் கொமிற்றி கூடுது. வேலையால நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் குடுக்கப்போறன்." அங்கேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

கலைச்செல்வி கதிரையை விட்டு எழுந்தாள். "நான் தொடவே இல்ல சார். நேத்து சாயங்காலம் கரண்ட் போச்சு. இன்னைக்கு வந்து ஆன் பண்ணேன், அவ்வளவுதான்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆன் பண்ணதும் நம்ம சங்கத்துப் பேர் வந்துச்சே சார். டிஸ்க் வேறன்னா அது எங்கேருந்து வருது?"

எனக்கு முகம் சுட்டது. அதே டிஸ்க்கில் இருக்கும் தொடக்க மெனுவில் அந்தப் பெயரைப் போட்டவனே நான்.

கம்பியூட்டர் எழும்பும்போது பூட்லோடர் என்ற தொடக்கி அந்த மெனுவைக் காட்டி, லினக்ஸின் கருவான கேர்னலையும் ஒரு சின்னப் பொதியையும் டிஸ்க்கிலிருந்து மெமரிக்குள் ஏற்றும். அந்தப் பொதிக்குப் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். பூட்லோடர், பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் பயோஸின் உதவியோடு டிஸ்க்கை வாசித்துவிடும். கேர்னலுக்கோ டிஸ்க்கோடு பேசச் சொந்த டிரைவர் வேண்டும், அது அந்தப் பொதிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால், தான் இறங்கி வந்த டிஸ்க்கையே இல்லை என்று கேர்னல் சொல்லும்.

பயோஸுக்குள் போனேன். திகதி எத்தனையோ வருடம் பின்னுக்கு நின்றது. உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி செத்திருந்தது. கரண்ட் போனதும் பயோஸ் அமைப்பெல்லாம் அழிந்து, டிஸ்க்கை வாசிக்கும் முறை பழையதற்கு மாறிவிட்டது. அந்த முறைக்கான டிரைவர் பொதியில் இல்லை. கெதியாக எழும்பட்டும் என்று தேவையில்லாததையெல்லாம் வெட்டிப் பொதியைச் சிறிதாக்கியவன் நான்தான். ஊரெல்லாம் பெருமையும் அடித்திருந்தேன்.

முறையை மாற்றினேன். எல்லாப் பதிவும் அப்படியே வந்தது.

"பற்றரிப் பிழை ஐயா," என்றேன். அதோடு தப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

சூசைப்பிள்ளை பேனையை வைக்கவில்லை. "அப்ப அந்த ஸ்குரூ?"

போன முறை தூசு தட்டத் திறந்தது நினைவுக்கு வந்தது. என் கருவிப் பையைக் கவிழ்த்தேன். அடியில் அந்த நாலாவது ஸ்குரூ கிடந்தது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் பூட்டாமல் விட்டனான். டிரைவரை வெட்டினதும் நான்தான். பிள்ளையில ஒரு பிழையுமில்லை."

அவர் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதனால் பின்னேரம் கொமிற்றிக்கும் போய் நின்று, எல்லார் முன்னும் அதையே சொன்னேன். அங்கேதான் கிழித்தார்.

இப்போதெல்லாம் எதையாவது காணவில்லை என்று இயந்திரம் சொன்னால், முதலில் என் கை எதைச் செய்தது என்று தேடுகிறேன். அந்தக் கந்தோரில் வேலை முடித்துப் பெட்டியை மூடினால் கலைச்செல்வி வந்து பக்கத்தில் குனிவாள். ஒவ்வொரு ஸ்குரூவாக விரல் வைத்து எண்ணுவாள்.

"நாலு இருக்கு சார். இப்ப போங்க."

அவள் எண்ணி முடிக்கும்வரை நான் பையைத் தூக்குவதில்லை.