கோட்டை பூட்ட முன்னம்

ரொறன்ரோ மல்வேர்னில் இருக்கும் கிறிஸ்துநாயகம் இங்கிலாந்துக்கு மூன்று தரம் போய் வந்தவர். பார்த்ததெல்லாம் சொந்தக்காரரின் குசினிகள்தான். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தக் கோபம் செத்தவீடு வரைக்கும் இழுபடும்.

பேத்தி பிறந்ததும் மனுசன் ஒரே பிடி.

"அவள் வளந்து, 'அம்மப்பா, அங்கை என்ன பாத்தனீங்கள்?' எண்டு கேட்டால், குசினியிலை திண்ட றோல்ஸ் எண்டே சொல்லுறது? இந்தமுறை கார் எடுத்து நானே ஓடுவன். நாட்டுப்புறம் பாக்கிறன், கோட்டை பாக்கிறன். ஒருத்தருக்கும் மூச்சுவிடாதையும், கிளடிஸ்."

பேத்தியின் ஞானஸ்நானம் முடிந்த கையோடு புருசனும் பெண்சாதியும் பறந்தார்கள்.

முப்பது வருஷம் ரொறன்ரோவில் ரக் வண்டி ஓட்டிய வலக்கை, வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள இங்கிலாந்துக் காரில் கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்தது. இரண்டு பக்கமும் பற்றை உரசும் ஒடுங்கிய ரோட்டு. நடுவில் செம்மறிக்கூட்டம் வேறு. அவர் தளரவில்லை. ஐந்து மணிக்குக் கோட்டை பூட்டிவிடும்.

பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில்தான் வினை வந்தது. இவர்கள் கதைத்ததைக் கேட்டு, கடை முதலாளி கல்லாவை விட்டு எழும்பினார்.

"அக்கா, நீங்கள் மன்னார்ப் பேசாலையே?"

"ஓம்! நீர் ஆற்றை ஆள்?" கிளடிஸுக்கு வாய் நிற்கவில்லை.

பெயர் றொபேட். கிளடிஸின் பெரியம்மா வழியில் தம்பி முறை.

"வீடு கடைக்கு மேலைதான். மனிசி மீன் சொதி வச்சிருக்கிறா. சாப்பிடாமல் விடமாட்டன்."

கிளடிஸ் புருசனைப் பார்த்தாள். மேலே ஏறினால் கோட்டை போச்சு. ஏறாவிட்டால் பேசாலை முழுக்கக் கதை.

"றொபேட், உந்தக் கோட்டையைப் பாத்தனீரோ?" என்றார் கிறிஸ்துநாயகம்.

"வந்த நாள் தொட்டுக் கடையோடை கிடக்கிறன் அத்தான். எங்கை நேரம்?"

"அப்ப கடையைப் பூட்டும். மனிசியைக் கூப்பிடும். சொதியைச் சட்டியோடை தூக்கும். நாங்கள் உங்கடை வீட்டுச் சாப்பாடு சாப்பிடவேணும், அவ்வளவுதானே? அங்கை வச்சுச் சாப்பிடுவம்."

"இவர் இப்பிடித்தான் தம்பி," என்றாள் கிளடிஸ். "ஏறும்."

கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மதிலடிப் புல்லில் நாலு பேரும் பாணைச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கிறிஸ்துநாயகம் போனைத் தூக்கிப் பிடித்தார். மல்வேர்னில் மகளின் மடியில் பேத்தி கொட்டாவி விட்டாள்.

"அப்பா, ஆர் உது சட்டியோடை? இந்தமுறையும் சொந்தக்காரரே?"

"ஓம் பிள்ளை. ஆனால் பின்னாலை நிக்கிறதைப் பார். குஞ்சுக்கும் காட்டு."